எண்ணும் நாளில் மட்டும் வருகிறவள்

என் வகுப்பில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள் என்று எழுதக் கை வரவில்லை. கிழக்கேகோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்துபோகிற தூரத்தில் ஓர் அரசுப் பள்ளி. அதில் தமிழ் வழி நான்காம் வகுப்புக்கு நான் டீச்சர். பக்கத்து அறை மலையாள வழி நான்காம் வகுப்பு. நடுவில் சுவர் கிடையாது, பிளைவுட் தட்டிதான். அதுவும் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். இந்தப் பக்கத்திலிருந்து அவர்களுக்குக் கேட்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருந்ததில்லை.

நான் முன்கோபக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரியத்தான் போகிறது. சொந்த ஊர் நாகர்கோவில். கல்யாணம் ஆகவில்லை, அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. கரமனையில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். காலையில் கதவைப் பூட்டுவதும் நான்தான், சாயங்காலம் திறப்பதும் நான்தான். நடுவில் யாரோடாவது நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் அது பள்ளிக்கூடத்தில்தான். அதனால் பிள்ளைகள் வராத நாட்களில் எனக்கு வந்த எரிச்சல் முழுக்க வேலை சம்பந்தப்பட்டது என்று சொன்னால் அது பொய்.

இந்த மலையாள ஊர்ப் பள்ளிகளில் ஆறாம் நாள் என்று ஒன்று உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளன்று ஒவ்வொரு வகுப்பிலும் தலையை எண்ணுவார்கள். அன்று எத்தனை தலை இருக்கிறதோ அதை வைத்துத்தான் அந்த வருடம் எத்தனை வகுப்பு, எத்தனை டீச்சர் என்று முடிவாகும். மலையாள வகுப்புக்காரர்களுக்கு அது எப்போதும்போல ஒரு நாள். நான் முந்தின ராத்திரியே பெயர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவேன். தமிழ்ப் பிள்ளைகள் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள், என்னை எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதனால் ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கே ஓர் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவின் சந்துகளில் பிள்ளை பிடிக்கப் போவேன். மழை வேறு கொட்டும். புடவை முழங்கால்வரை நனைந்து, ஆட்டோக்காரரிடம் எரிந்து விழுந்து, எப்படியோ ஐந்து பேரையும் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைப்பேன்.

அந்த ஐவரில் ஒருத்தியைப் பற்றித்தான் இது.

அவளுடைய அப்பா சாலையில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அம்மா அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மளிகைக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரே அறையில் குடியிருந்தார்கள். அவள் மூன்றாம் வகுப்புக்கு வந்த வருடம்தான் முதல்முறை நான் அந்த வீட்டுக்குப் போனேன். அந்த வருடம் மூன்றாம் வகுப்பும் என் பொறுப்பில் இருந்தது. அவள் தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். குழந்தைக்கும் அவளுக்கும் எடை பெரிதாக வித்தியாசப்பட்டிருக்காது.

அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நான் என்ன செய்யட்டும் டீச்சர்? வெள்ளன ஆறு மணிக்கெல்லாம் பிளாட்டுக்குப் போயிருதேன், இன்னிக்குத்தான் நேரமாச்சு. அவிய அதுக்கு முன்னயே ஹோட்டலுக்குப் போயாச்சு. சின்னவன யாரு பாத்துக்கிடுவா, சொல்லுங்க."

"ஒரே ஒரு நாளு. அவனையும் தூக்கிட்டு வரட்டும்" என்றேன்.

அப்படித்தான் அவள் தம்பியோடு வந்தாள். எண்ண வந்த ஹெச்.எம். பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலைச் சப்பிக்கொண்டிருந்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "டீச்சரே, இவனெயும் கூட்டணோ?" என்றார். நானும் சிரித்தேன். இவனையும் சேர்த்துக்கொண்டால் ஆறு ஆகுமே என்று ஒரு நொடி மனசுக்குள் ஓடியது உண்மை. ஹெச்.எம். போனதும் அவள் எழுந்து நின்றாள்.

"எண்ணியாச்சா டீச்சர்? அப்ப நான் போட்டுமா?"

போ என்றேன். அவ்வளவு எளிதாக.

அதற்குப் பிறகு அவள் வருகிற நாட்கள் ஒரு கணக்காகிவிட்டன. ஆறாம் நாள், மேலதிகாரி பார்வைக்கு வரும் நாள், போட்டோ எடுக்கும் நாள். முந்தின நாள் சாயங்காலம் நான் போய்ச் சொல்வேன், மறுநாள் தம்பியோடு வருவாள், வேலை முடிந்ததும் கேட்டுவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் என்ன செய்தேன்? வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே காலைக்கு ஒரு சாய்வுக் கோடு போட்டேன். மதியத்துக்கு அதன் மேலேயே எதிர்ப்பக்கமாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் பிள்ளை நாள் முழுக்க இருந்தது என்று அர்த்தம். முதலில் போடும்போது கை கூசியது. ஒரு மாதத்தில் பழகிப்போனது. பக்கம் பக்கமாகப் பெருக்கல் குறி.

ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் விசாரிக்க ஆட்கள் உண்டு. வார்டு கவுன்சிலர், கவுன்சலிங் டீச்சர் என்று யாராவது வீட்டுக்குப் போய் ஏன் எதற்கு என்று கேட்பார்கள். அவள் வீட்டுக்கு யாரும் போகவில்லை. போக வேண்டிய அவசியம் என்ன? என் பதிவேட்டின்படி அந்தப் பள்ளியிலேயே ஒழுங்காக வருகிற பிள்ளை அவள்தான்.

நான்காம் வகுப்புக்கு வந்த வருடமும் இதே கூத்துத்தான். நவம்பரில் என் வகுப்பு சுத்தமாகக் காலியானது. தீபாவளிக்கு இங்கே ஒருநாள்தான் விடுமுறை. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அப்படி ஒருநாளில் தீபாவளி முடிகிற வழக்கமில்லை. ஊருக்குப் போனால் போனதுதான். கோயில், சொந்தக்காரர் வீட்டுச் சடங்கு, பாட்டன் சொத்துச் சண்டை எல்லாம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் ரயிலேறுவார்கள். நாலு பிள்ளைகளும் போய்விட்டார்கள். இவள் அப்பாவுக்கு ஹோட்டலில் லீவு இல்லை, அதனால் இவள் இங்கேதான் இருந்தாள். ஆனால் இவள் கணக்கே வேறாயிற்றே.

ஒரு முழு வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வேன்: பக்கத்து அறைச் சத்தம்தான் பெரிய தொந்தரவு. இருபத்தெட்டுப் பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்வார்கள். அவர்களுடைய டீச்சர் சின்னப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் ஏதோ சொல்ல, எல்லாம் கொல்லென்று சிரிக்கும். நான் கரும்பலகையில் தேதி எழுதுவேன். பாடம் எழுதுவேன். யாருக்கு எழுதுகிறேன் என்று கோபம் வந்து அழிப்பேன். மதியம் சோறும் பயறும் வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்துச் சாப்பிடுவேன். ஆசிரியர் அறைக்குப் போனால், "டீச்சருக்கு சுகமாணல்லோ, குட்டிகள் இல்லல்லோ" என்று கிண்டல் செய்வார்கள். பிள்ளைகள் இல்லாதது சுகமாம்.

ஒரு வாரம் பொறுத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் கரமனையில் பஸ் ஏறி, வழக்கம்போல் கிழக்கேகோட்டையில் இறங்கினேன். கால் பள்ளிக்கூடத்தை நோக்கி நகர மாட்டேன் என்றது. ஹெச்.எம்.முக்குப் போன் செய்து காய்ச்சல் என்றேன். போனை அணைத்தேன். எதிரே நின்ற சங்குமுகம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்று கடற்கரையில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, தலைக்கு மேலே இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சிரிப்பு வரவில்லை. அங்கேயும் தனியாகத்தான் இருந்தேன். இதற்கு வகுப்பிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஒரு ரசவடையைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை ஹெச்.எம். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "இன்னலெ டீச்சரோட ஒரு குட்டி வந்நிருந்நு. இவிடெ ஆரும் இல்லல்லோ. ஞான் அப்புறத்தெ கிளாஸில் இருத்தி."

நேற்று வந்து பக்கத்து வகுப்பில் உட்கார்ந்தது எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவே இல்லை. நேரே சமையல்கட்டுக்குப் போனேன். மத்தியானச் சமையல்காரம்மாதான் மிச்சத்தைச் சொன்னாள். காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டாளாம். தம்பி இல்லாமல், தனியாக. சீருடைப் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிப்போயிருந்ததாம். பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாளாம். தம்பிக்கு மூன்று வயதாகிவிட்டது. அங்கன்வாடியில் இருந்து வீடு வீடாகப் பெயர் எழுத வந்த பெண், அவனைக் கையோடு சேர்த்துக்கொண்டுவிட்டாள். ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை. அந்த வீட்டுக்கு நான் எத்தனை முறை போயிருப்பேன்! அந்தக் குழந்தையை யாரிடம் விடலாம், பக்கத்தில் காப்பகம் ஏதும் உண்டா என்று ஒருநாளாவது விசாரித்தேனா? எனக்கு வேண்டியது மறுநாளைக்கு ஒரு தலை. அது கிடைத்தது, வந்துவிட்டேன்.

அவளுக்கு விடுதலை கிடைத்த முதல் நாளே கிளம்பி வந்திருக்கிறாள். யாரும் கூப்பிடாமல். அந்த ஒருநாள் பார்த்து நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றும் வந்தாள். என் வாசலில் வந்து நின்றாள். "வந்தியா மக்ளே! வா, வா" என்று எழுந்து ஓடினேன். நடுப்பெஞ்சில் உட்கார வைத்தேன். பேராசை பிடித்தவள்போல ஒன்றரை வருடத்தை ஒரே காலையில் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். வாசி என்றால் எழுத்துக் கூட்டினாள். கழித்தல் தெரியவில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் யாரைப் பார்த்துக் கத்துகிறோம் என்று உறைத்தது. அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிக்கும்போதெல்லாம் அவள் கண் தட்டிக்குப் போயிற்று. நான் மேஜையைத் தட்டித் தட்டி அவள் கண்ணைத் திருப்பினேன்.

மத்தியானம் சோற்று வரிசையில் மற்றப் பிள்ளைகளோடு நின்றாள். மணி அடித்தது. நான் காத்திருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால் பக்கத்து வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் இன்னொரு பெண்ணோடு ஒரே புத்தகத்தில் தலை கவிழ்ந்து இருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! விறுவிறுவென்று உள்ளே போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சின்ன டீச்சர், "டீச்சரே, அவளிருந்நோட்டே" என்று, அவளை அங்கேயே விடச் சொல்லிக் கெஞ்சியபடி பின்னாலேயே வந்தாள். "என் பிள்ளை. எனக்குத் தெரியும்" என்றேன். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன.

என் அறைக்கு வந்ததும் கையை விட்டேன். அவள் அழவில்லை. கையைத் தடவிக்கொண்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு எண்ணுறாங்களா டீச்சர்?"

"இல்லை."

"அப்ப நான் அங்க இருந்துக்கிடட்டா? அங்க பிள்ளைங்க இருக்காங்க."

குத்தலாகக் கேட்கவில்லை. பாத்ரூம் போகட்டுமா என்று கேட்பதுபோலக் கேட்டாள். எண்ணும் நாளில் இந்த அறை, மற்ற நாளில் எங்கே இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை என்றுதானே அவளுக்குப் புரிய வைத்திருந்தேன். ஒன்றரை வருடத்தில் நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடத்தை அவள் தப்பில்லாமல் ஒப்பித்தாள். போ என்று கையைக் காட்டினேன். ஓடினாள்.

அன்று சாயங்காலம் பதிவேட்டில் அவளுக்குப் பெருக்கல் குறி போட்டேன்.

மறுநாள் காலை நான் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கும்போது வாசலில் ஒரு தலை மட்டும் நீண்டது. "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வகுப்புக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவளுக்கு நான் அதைச் சொல்லித் தரவில்லை. தன் பெயர் இங்கேதான் இருக்கிறது, இங்கே டீச்சருக்கு ஒரு குரல் வேண்டும் என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போனாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஒன்பதே கால் மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தேன். அவள் வந்து போனபிறகு அந்த நாள் முழுவதும் பேச எனக்கு வேறு ஆள் கிடையாது.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. இதற்குள் நாலு பிள்ளைகளில் மூன்று பேர் ஊரிலிருந்து திரும்பினார்கள். அவர்களும் ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வரமாட்டார்கள். இவள் மட்டும் ஒருநாள் தவறவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் மலையாளத்தில் எழுத்துக் கூட்டுவது கேட்கும். தப்பு வரும், பக்கத்துப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும், திரும்பச் சொல்வாள். ஒருநாள் ஒரு பத்தியை நிற்காமல் வாசித்தாள். அந்த வகுப்பு கைதட்டியது. நானும் தட்டப் போய்க் கையை இறக்கிக்கொண்டேன்.

சின்ன டீச்சர் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள். பரீட்சை வருகிறது, பெயர் தன் வகுப்பில் இல்லாவிட்டால் அவள் பேப்பரைத் திருத்தி மார்க் போட முடியாது, டீச்சர் ஒரு கடிதம் தந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? கொடுத்தால் என் வகுப்பில் நாலு பெயர். அதில் ஒன்று ஊரிலிருந்தே திரும்பவில்லை. வரும் ஜூனில் எண்ண வந்தால் என் கதை முடிந்தது. கொடுக்காவிட்டால் அவள் பரீட்சை எழுதியும் எழுதாதவள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் இல்லை. தமிழ்ப் பிள்ளை தமிழில் படிக்க வேண்டாமா என்று எனக்கு நானே பெரிய பிரசங்கம் செய்துகொண்டேன். அவளைத் தமிழில் படிக்க வைத்தது யார் என்று பதில் கேள்வி வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு நடந்தே போனேன். பெயர் மாற்ற அம்மாவின் கையெழுத்து வேண்டும். என்னைப் பார்த்ததும் அவள் அம்மா பயந்துபோனாள். "ஏதும் தப்பு செஞ்சாளா டீச்சர்?"

"அவ ஒண்ணும் செய்யலை. தப்பு நான் செஞ்சது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வராத நாளெல்லாம் வந்ததாக எழுதியதை, அதனால்தான் யாரும் வந்து விசாரிக்காததை, வந்திருந்தால் குழந்தைக்கு எப்போதோ வழி பிறந்திருக்கும் என்பதை. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அது எங்களுக்குப் பெரிய உபகாரமில்லா டீச்சர்? பேர வெட்டாமக் காப்பாத்தினியளே. இல்லன்னா இன்னிக்கு எந்த மொகத்த வச்சிக்கிட்டு அனுப்புவேன்?" என்று சொல்லி, காகிதத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். டீ போட்டுத் தந்தாள். குடிக்க முடியவில்லை, குடித்தேன்.

திங்கட்கிழமை காலை காகிதத்தை ஹெச்.எம்.மிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "ஆலோசிச்சிட்டாணோ டீச்சரே?" என்று கேட்டார். யோசித்துத்தான் என்றேன். வகுப்புக்கு வந்தேன். மூன்று பேரில் ஒருவரும் வரவில்லை. மணி ஒன்பதரை ஆனதும் வாசலில் தலை நீண்டது.

"உள்ளேன் டீச்சர்."

"இஞ்ச வா மக்ளே." வந்தாள். "இனி ஒன் பேரு அந்த வகுப்புல. நாளையிலேந்து இங்க வந்து சொல்லாண்டாம். அங்க சொன்னாப் போதும், கேட்டியா?"

தலையாட்டினாள். இரண்டு எட்டுப் போனவள் திரும்பி, காலிப் பெஞ்சுகளை ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு யாரு சொல்லுவா டீச்சர்?"

"எனக்கு யாரும் சொல்லாண்டாம். போ, போ, மணி அடிச்சாச்சு" என்று விரட்டினேன். நல்லவேளை, குரல் கோபம்போலத்தான் வந்தது.

அந்தப் பக்கம் பெயர் வாசிக்கத் தொடங்கினார்கள். கடைசியாக அவள் பெயர் வந்தது, புதிதாக எழுதிச் சேர்த்த பெயர். "ஹாஜர்" என்றாள். அவ்வளவு உரக்கச் சொன்னதும் யாரோ சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் பதிவேட்டில் அவள் வரிசையின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன். மிச்சம் நாலு பேருக்கும், ஒருவரையும் விடாமல், வரவில்லை என்று எழுதினேன். அப்புறம் நாலு மணி பெல் அடிக்கும்வரை அந்த அறையிலேயே இருந்தேன்.